சண்டை போட ஒரு ஆள்

அன்பு மகளுக்கு அப்பா எழுதுவது. இங்கே நான், உன் அம்மா, மாடுகள், கோழிகள் என்று எல்லாரும் உடம்புக்குக் குறையில்லாமல் இருக்கிறோம், அங்கே நீயும் மாப்பிள்ளையும் பேத்தியும் அப்படியே இருப்பீர்கள் என்ற நம்பிக்கையில்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன். பேத்திக்குச் சளி விட்டதா, ராத்திரியில் இருமுகிறாளா என்று உன் அம்மா கேட்கச் சொன்னாள். வழக்கமாக அவள்தான் எழுதுவாள், நான் கடைசியில் ஓரமாக ஒரு கையெழுத்துப் போட்டுவிட்டு எழுந்து போய்விடுவேன். இந்த முறை பேனாவை என் கையில் திணித்து, "நீங்க பண்ணினதை நீங்களே எழுதுங்க, நான் எழுதினா உங்களுக்கு வலிக்காத மாதிரி எழுதிடுவேன்" என்று சொல்லிவிட்டாள். போனிலேயே சொல்லிவிடலாம் என்றுதான் இருந்தேன். நீ "சொல்லுங்கப்பா" என்று கேட்டதும் நான் அங்கே குளிர் எப்படி என்று கேட்டுவிட்டு வைத்துவிடுகிறேன். எழுத்தில் என்றால் நீ என் முகத்தைப் பார்க்க முடியாது, நானும் உன் முகத்தைப் பார்க்க வேண்டியதில்லை. அதனால்தான் கடிதம்.

மற்ற செய்திகளை முதலில் சொல்லிவிடுகிறேன். செவலை மாடு கன்று போட்டிருக்கிறது, கிடாரி. கொட்டகைக்குப் புதுத் தகரம் போட்டாயிற்று, இப்போது மழை பெய்தால் சத்தம் மட்டும்தான், ஒழுகல் இல்லை. உன் மாமாவுக்கு முழங்கால் வலி, டாக்டர் நடக்கச் சொல்கிறார், அவர் நடக்கிறவர்களைப் பற்றிப் பேசிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். அவ்வளவுதான். இனி விஷயத்துக்கு வருகிறேன்.

நீ வெளிநாடு போன வருடம்தான் நாங்கள் கம்பெனி வண்டிக்குப் பால் ஊற்றுவதை நிறுத்தினோம், நினைவிருக்கும். அவர்கள் சொன்னதுதான் விலை, அவர்கள் கருவி காட்டியதுதான் கொழுப்பு, எதிர்த்து ஒரு வார்த்தை கேட்டால் மறுநாள் வண்டி நம் வாசலில் நிற்காது. அதற்குப் பிறகுதான் வாசலில் தகரப் பந்தல் போட்டு, சனிக்கிழமை காலையில் பாலும் முட்டையும் முட்டைக்கோசும் தக்காளியும் ஊருக்கு நேராக விற்க ஆரம்பித்தோம். முதல் வாரம் வந்தது பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவரும் ரொட்டிக் கடைக்காரரும்தான். இப்போது வரிசை சாலைவரை போகிறது. அந்த வரிசையில் வாராவாரம் ஒரு அம்மா வருவார். ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் வேலை, பஸ் பிடித்து வருவார், பாத்திரத்தைக் கழுவித் துணியில் சுற்றிக் கொண்டுவருவார். பாலை மோந்து பார்ப்பார். முட்டையை ஒவ்வொன்றாக வெயிலுக்கு நேரே பிடித்துப் பார்ப்பார். கோசைத் திருப்பி அடிப்பக்கத்தை முகர்வார். இது எப்போது கறந்தது, அந்த மாட்டுக்கு என்ன தீனி, டாக்டர் வந்தாரா, எதற்கு வந்தார் என்று கேள்வி மேல் கேள்வி. பின்னால் நிற்பவர்கள் உச்சுக்கொட்டுவார்கள். நீ இரண்டு வருடம் முன்னால் விடுமுறைக்கு வந்தபோது அவரைப் பார்த்துவிட்டு மூக்கம்மா என்று பெயர் வைத்தாய். வீட்டுக்குள் அதுவே நிலைத்துவிட்டது. சனிக்கிழமை மத்தியானம் சாப்பிட உட்கார்ந்தால், இன்றைக்கு மூக்கம்மா என்ன கேட்டார் என்பதுதான் எங்களுக்குச் சினிமா. நான் அவரை மாதிரியே தட்டை முகர்ந்து காட்டுவேன், உன் மாமா விழுந்து விழுந்து சிரிப்பார். பெயர் வைத்தது நீ என்பதற்காக இதை எழுதவில்லை கண்ணு, அது விளையாட்டுப் பெயர். அதைக் கெட்ட பெயராக ஆக்கியது நான்.

மழைக்காலம் தொடங்குகிற சமயத்தில் செவலைக்குக் காம்பில் வீக்கம் வந்து ஊசி போட்டோம். ஊசி போட்ட மாட்டின் பாலை நாம் என்றைக்கும் கலந்ததில்லை, உனக்கே தெரியும், தனியாகக் கறந்து குழியில் கொட்டிவிடுவோம். அந்தச் சனிக்கிழமை அந்த அம்மா வந்து, கொட்டகைப் பக்கம் டாக்டர் வண்டியைப் பார்த்ததாகவும், எந்த மாட்டுக்கு ஊசி, அதன் பால் எங்கே போகிறது என்றும் கேட்டார். வரிசையில் இருபது பேர் காதைத் தீட்டிக்கொண்டு நிற்கிறார்கள். எனக்குச் சுருக்கென்றது. என்னைப் பார்த்தால் கலப்படம் செய்கிறவன் மாதிரியா இருக்கிறது என்று உள்ளுக்குள் கொதித்துக்கொண்டே, "வாங்க, கண்ணாலயே பாத்துக்கங்க" என்று கொட்டகைக்குள் கூட்டிப்போய்த் தனி வாளியைக் காட்டினேன். பார்த்தார். சரி என்று தலையாட்டிவிட்டுப் பாலை வாங்கிக்கொண்டு போனார். ஒரு நன்றி இல்லை, ஒரு சிரிப்பு இல்லை.

அடுத்த புதன்கிழமை நகரசபையிலிருந்து சுகாதார அதிகாரி வந்தார். சின்ன வயசுதான், மரியாதையாகத்தான் பேசினார். புதுச் சட்டம் வந்திருக்கிறது, பால், முட்டை, காய்கறி, இறைச்சி எதுவாக இருந்தாலும் உரிமம் உள்ள கடை வழியாகத்தான் விற்க வேண்டும், பண்ணை வாசலில் நேராக விற்கக் கூடாது என்றார். "எங்களுக்கு எப்படியும் தெரிய வந்துடும் சார், மறைச்சு விக்க வேண்டாம்" என்று சொல்லிவிட்டுப் பந்தல் கம்பத்தில் ஒரு சிவப்புத் தாளை ஒட்டினார். உன் அம்மா அவருக்குத் தண்ணீர் கொடுத்தாள், குடித்துவிட்டு அதற்கும் நன்றி சொன்னார். எனக்கு அந்த ஒரு சொல்தான் காதில் நின்றது. தெரிய வந்துவிடும் என்றால் யார் சொல்லித் தெரிய வந்தது. யோசிக்க எனக்கு நேரமே ஆகவில்லை. ஊசியைப் பற்றிக் கேட்டது யார், கொட்டகைக்குள் வந்து பார்த்தது யார், ஆஸ்பத்திரியில் வேலை செய்வது யார். அன்று ராத்திரியே உன் மாமாவிடம் போய் மூக்கம்மாதான் என்று சொன்னேன், அவர் எனக்கு முன்னாலேயே தெரியும் என்றார். உன் அம்மா மட்டும், "அந்தம்மா அப்படிப்பட்டவங்க இல்ல, கேக்கறதை மூஞ்சிக்கு நேரா கேப்பாங்க, முதுகுக்குப் பின்னாடி போக மாட்டாங்க" என்றாள். உனக்கு என்ன தெரியும் என்று அவள் வாயை அடைத்தேன்.

சனிக்கிழமை வந்தது. சட்டம் வந்த விஷயம் பாதிப் பேருக்குத் தெரியாது, வழக்கம்போல் பாத்திரத்தோடு வந்து நின்றார்கள். நான் வாசலில் நின்று ஒவ்வொருவரிடமும் இல்லை இல்லை என்று சொல்லித் திருப்பி அனுப்பிக்கொண்டிருந்தேன், சொல்லச் சொல்ல எனக்கே என்மேல் ஒரு அவமானம் ஏறிக்கொண்டு வந்தது, ஏதோ திருடி மாட்டிக்கொண்டவன் மாதிரி. அந்த நேரம் பார்த்து அவர் வந்தார், துணியில் சுற்றின பாத்திரத்தோடு. சிவப்புத் தாளைப் படித்தார். என்ன ஆச்சு என்று கேட்டார். நான் சொன்னதை அப்படியே எழுதுகிறேன், எழுதத்தான் உட்கார்ந்தேன். "என்ன ஆச்சுன்னு உங்களுக்குத் தெரியாதா? போட்டுக் குடுத்துட்டுப் பாத்திரத்தையும் நீட்டறீங்களே, வெக்கமா இல்லை? மோந்து மோந்து பாத்துட்டுக் கடைசியில கடிக்கிறது எந்த ஜென்மம்னு இங்க எல்லாருக்கும் தெரியும். இனிமே இந்த வாசல்ல கால் வைக்காதீங்க" என்றேன். வரிசையில் சிரித்தார்கள். இந்த இடத்தில் உன் அம்மா என் தோளுக்குப் பின்னால் நின்று படித்துவிட்டு, முதலில் சிரித்தது யார் என்று கேட்கிறாள். நான்தான். நான் சிரித்த பிறகுதான் மற்றவர்கள் சிரித்தார்கள். அந்த அம்மா பாத்திரத்தைத் திரும்பத் துணியில் சுற்றினார், முடிச்சு ஒழுங்காக விழவில்லை, அவிழ்த்து மறுபடியும் போட்டார், நாங்கள் எல்லாரும் அதைப் பார்த்துக்கொண்டு நின்றோம். பிறகு பஸ் நிறுத்தத்தைப் பார்த்து நடந்தார். தூறிக்கொண்டிருந்தது. இதற்கு மேல் அந்த விளையாட்டுப் பெயரை எழுத எனக்குக் கை வரவில்லை, அந்த அம்மா என்றே எழுதுகிறேன்.

அதற்குப் பிறகு ஒரு மாதம் பட்டபாட்டைச் சொன்னால் உனக்குச் சாப்பாடு இறங்காது. கம்பெனி வண்டிக்காரனைத் திரும்பப் போய்க் கெஞ்சினேன், அவன் இளித்துக்கொண்டே பழைய விலையிலும் குறைத்து எடுத்துக்கொண்டான். முட்டை தங்கிப்போய் உறவுக்காரர்கள் வீட்டுக்கெல்லாம் கொடுத்தனுப்பினோம். மேட்டில் ஆடு வைத்திருந்த கணவன் மனைவியை உனக்குத் தெரியும், அவர்கள் வாசலிலும் சிவப்புத் தாள். அவர்களிடம் எட்டு ஆடுதான், எந்தக் கம்பெனியும் எட்டு ஆட்டுப் பாலுக்கு வண்டி அனுப்பாது. பொறுத்துப் பார்த்துவிட்டு ஆடுகளை வியாபாரியிடம் கொடுத்துவிட்டு அந்தப் பெண் துணிக்கடைக்கு வேலைக்குப் போய்விட்டாள். வேன் ஓட்டுகிறவரும் ரொட்டிக் கடைக்காரரும்தான் சும்மா இருக்கவில்லை. எங்கே என்ன வாங்கிச் சாப்பிடுவது என்று தீர்மானிக்கிற உரிமை எங்களுக்கு இல்லையா என்று நகரசபையில் போய்க் கேட்டார்கள். வேன்காரர் தினமும் போய் அந்த வராந்தாவில் உட்கார்ந்தார், இவர் தொல்லை தாங்காமல் கூட்டம் போட்டு விசாரிக்கிறோம் என்று நாள் குறித்தார்கள்.

கூட்டம் நகரசபை மண்டபத்தில். உன் கல்யாணத்துக்கு வாங்கின சட்டையைத்தான் போட்டுக்கொண்டேன், வயிற்றுப் பக்கம் இழுத்துப் பிடித்தது. மண்டபம் நிறைய ஆள். மேசைக்குப் பின்னால் தலைவர் அம்மாவும் நாலைந்து உறுப்பினர்களும். முதலில் அந்தச் சின்ன வயசு அதிகாரி பேசினார். அவர் பேசினதில் தப்புச் சொல்ல முடியாது. "ஒரு ஊர்ல காய்ச்சாத பாலைக் குடிச்சு குழந்தைங்க படுத்துட்டாங்க. அப்ப எல்லாரும் எங்களைத்தான் கேட்டாங்க, நீங்க என்ன பண்ணிட்டிருந்தீங்கன்னு. இன்னொரு தடவை அந்தக் கேள்வியை நான் கேக்க விரும்பல" என்றார். தலைவர், இந்தப் பண்ணையைப் பற்றி யாராவது புகார் கொடுத்தார்களா என்று கேட்டார். "யாரும் குடுக்கல மேடம். நான் தினமும் ஆபீசுக்கு வர்ற வழியில ரோடு சந்திப்புல அவரே பெரிய பலகை வெச்சிருக்கார். மாட்டிலிருந்து நேராக உங்கள் பாத்திரத்துக்குன்னு எழுதி, போன் நம்பரும் போட்டிருக்கார்" என்றார். மண்டபமே சிரித்தது. உன் மாமா என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் மெதுவாக முகத்தைச் சன்னல் பக்கம் திருப்பிக்கொண்டார். அந்தப் பலகையை எழுத ஆள் கூப்பிட்டு, எழுத்து இன்னும் பெரிசாக வேண்டும் என்று இரண்டு முறை அழித்து எழுதச் சொன்னது நான்தான். என்னைப் போட்டுக் கொடுத்தவன் நானே. பிறகு அதிகாரி பேசியது ஒன்றும் என் காதில் விழவில்லை.

என்னைப் பேசச் சொன்னார்கள். எழுந்தேன், மனப்பாடம் பண்ணி வைத்திருந்ததெல்லாம் காற்றாகப் போயிற்று. "நாங்க பால்ல தண்ணி கலக்கறதில்லைங்க" என்றேன். யார் உங்களைக் கலக்கிறீர்கள் என்று சொன்னது என்று ஒரு உறுப்பினர் கேட்டார். உட்கார்ந்துவிட்டேன். பிறகு ரொட்டிக் கடைக்காரர் எழுந்து இவர் தங்கமான மனுஷன், எங்க வீட்டுப் பிள்ளைங்க இவர் பாலைக் குடிச்சுத்தான் வளர்ந்தது என்றார். வேன்காரரும் அதையே கொஞ்சம் நீட்டிச் சொன்னார். தலைவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "எல்லாரும் நல்லவர்னு சொல்றீங்க. சந்தோஷம். நல்லவர்ங்கறதுக்காகச் சட்டத்தைத் தள்ளி வைக்க முடியுமா? நாளைக்கு நல்லவர் இல்லாத ஒருத்தர் வந்து பந்தல் போட்டா?" என்று கேட்டார். இத்தோடு முடிந்தது என்றுதான் நினைத்தேன். அப்போது கடைசி வரிசையில் நாற்காலி நகர்கிற சத்தம் கேட்டது. திரும்பிப் பார்த்தால் அந்த அம்மா. சலவைக்கூடத்துச் சீருடையோடு, வேலையிலிருந்து நேராக வந்திருக்கிறார். நியாயமாக அவர் என்ன சொல்ல வேண்டுமோ அதைச் சொல்லப் போகிறார் என்று தலையைக் குனிந்துகொண்டேன்.

"எனக்கு இவரைப் பிடிக்காது" என்றுதான் ஆரம்பித்தார். அங்கங்கே சிரிப்பு எழுந்தது. "சிரிக்க ஒண்ணுமில்லை. போன மாசம் வாசல்ல வெச்சு, நான் போட்டுக் குடுத்தேன்னு சொன்னார். மோந்து பாத்துட்டுக் கடிக்கிற ஜென்மம்னு சொன்னார். அப்பவும் சிரிச்சாங்க. அதுல சில பேர் இங்க உக்காந்திருக்காங்க" என்றார். குரலை உயர்த்தாமல், என்னை ஒரு முறைகூடத் திரும்பிப் பார்க்காமல் பேசினார். "என் வீட்டுக்காரர் ஒரு தடவை கடையில வாங்கின பொட்டலத்து இறைச்சியைச் சாப்பிட்டுட்டு ஆஸ்பத்திரியில கிடந்தார். உயிர் பிழைச்சார். குடுத்த மருந்துல காது போச்சு. நான் அந்தக் கடைக்குப் போனேன். எங்களுக்குத் தெரியாது, கம்பெனியைக் கேளுங்கன்னாங்க. கம்பெனிக்குப் போன் போட்டா பாட்டு ஓடுது. பாட்டு முடிஞ்சு ஒரு பொண்ணு பேசுது, அதுக்கும் பாவம் ஒண்ணும் தெரியல. பொட்டலத்து மேல ஒரு மாடு படம் போட்டிருந்தது. அந்த மாட்டையா போய்க் கேக்க முடியும்? எத்தனை வருஷமாச்சு, என் வீட்டுக்காரர் காதுக்கு யார் பொறுப்புன்னு இன்னி வரைக்கும் எனக்குத் தெரியாது. அந்தக் கடைக்கு உரிமம் இருந்தது மேடம். கம்பெனிக்கும் இருந்தது" என்றார்.

தலைவர் ஏதோ சொல்ல வந்தார், அந்த அம்மா கையைக் காட்டி நிறுத்தினார். "இவர்கிட்ட நான் கேள்வி கேட்டா மூஞ்சியைத் தூக்கி வெச்சுக்குவார். சிடுசிடுன்னு விழுவார். ஆனா கேட்டதுக்குப் பதில் வரும். ஊசி போட்ட மாட்டுப் பால் எங்க போகுதுன்னு கேட்டேன், கொட்டகைக்குள்ள கூட்டிட்டுப் போய்க் காட்டினார். கோபமாத்தான் காட்டினார், ஆனா காட்டினார். நீங்க நல்லவரா கெட்டவரான்னு கேக்கறீங்க. எனக்கு நல்லவர் வேண்டாம். சண்டை போட ஒரு ஆள் வேணும். நாளைக்கு ஏதாவது ஒண்ணுன்னா எந்த வீட்டுக் கதவைத் தட்டணும்னு எனக்குத் தெரியணும். காய்ச்சிக் குடிங்கன்னு எழுதிப் போடச் சொல்லுங்க, மாசாமாசம் வந்து சோதிங்க, வாங்க வர்றவங்க கேட்டா கொட்டகையைத் திறந்து காட்டணும்னு சட்டம் போடுங்க. அதெல்லாம் வேணும். ஆனா அந்தக் கதவையே மூடாதீங்க" என்றார். தலைவர், "இவ்வளவு பேச்சு வாங்கின பிறகும் இவர்கிட்டயேவா வாங்குவீங்க?" என்று கேட்டார். "வாங்குவேனோ மாட்டேனோ, அது நான் முடிவு பண்றது மேடம். அதை நான் முடிவு பண்ணணும்னு கேக்கத்தான் வந்தேன்" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தார். கைதட்டினார்கள். கூட்டம் முடிந்ததும் ஆளாளுக்கு என் கையைப் பிடித்துக் குலுக்கினார்கள், ஜெயிச்சாச்சு ஜெயிச்சாச்சு என்று முதுகில் தட்டினார்கள், அவர்களுக்கு நடுவில் மாட்டிக்கொண்டு நான் கழுத்தை நீட்டிப் பார்த்தேன், அந்த அம்மா வாசல் படியில் நின்று பஸ் வருகிறதா என்று எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் வெளியே வருவதற்குள் ஏறிப் போய்விட்டார்.

முடிவு சொல்ல நகரசபைக்கு இன்னும் கொஞ்ச நாள் ஆயிற்று. சொந்தப் பண்ணையில் விளைந்ததைச் சாப்பிடுகிறவருக்கே நேராக விற்றால் விற்கலாம், காய்கறிக்கும் முட்டைக்கும் தடை இல்லை, பாலுக்கு மட்டும் ஆறு மாதம் சோதனையாகப் பார்ப்போம், இறைச்சிக்கு அனுமதி இல்லை என்று வந்தது. காய்ச்சிக் குடிக்கவும் என்று பலகை வைக்க வேண்டும். விற்கிற நேரத்தில் வாங்க வந்தவர் யார் கேட்டாலும் கொட்டகையைக் காட்ட வேண்டும். அந்தக் கடைசி வரி யாருடையது என்று உனக்கே தெரியும். ஆட்டுக்காரர்களுக்கு இது வந்து பிரயோசனம் இல்லை, ஆடு போனது போனதுதான். நான் அந்தப் பெண்ணைத் துணிக்கடை வாசலில் பார்த்து விஷயத்தைச் சொன்னேன், "பரவாயில்லைங்க, இங்க நிழல்ல இருக்கேன்" என்றாள்.

அந்த அம்மாவைப் பார்த்துவிட வேண்டும் என்று வேன்காரரிடம் விலாசம் கேட்டுப் போனேன். பஸ் பணிமனைக்குப் பின்னால் ஒரு பழைய கட்டடம், மூன்றாவது மாடி, லிப்ட் ஓடவில்லை. ஒரு கையில் பால், ஒரு கையில் முட்டையும் வெண்ணெயும். படியேறும்போதெல்லாம் என்ன சொல்வதென்று சொல்லிப் பார்த்துக்கொண்டே போனேன். கதவைச் சங்கிலி போட்டபடியே கொஞ்சமாகத் திறந்தார். உள்ளே அவர் வீட்டுக்காரர் ஒரு நாற்காலியில் உட்கார்ந்து டிவி பார்த்துக்கொண்டிருந்தார், சத்தமே இல்லாமல் படம் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. நான் மன்னிப்புக் கேட்க வந்ததாகச் சொல்லி ஆரம்பித்தேன். அவர் முடிக்க விடவில்லை. "நீங்க வாசல்ல வெச்சு, ஊரே கேக்கச் சொன்னீங்க. இங்க கேக்க யாரு இருக்கா? இவர் ஒருத்தர்தான், இவருக்கும் காது கேக்காது" என்றார். நான் கொண்டுவந்ததை நீட்டினேன். "இதெல்லாம் வேண்டாம். காசு குடுத்து வாங்கறவ நான், சும்மா வாங்கினா அப்புறம் எப்படிக் கேள்வி கேப்பேன்" என்று சொல்லிக் கதவைச் சாத்தினார். கோபமாகச் சாத்தவில்லை கண்ணு, சாதாரணமாகத்தான் சாத்தினார். அதுதான் எனக்கு அறைந்த மாதிரி இருந்தது. மூன்று மாடியும் முட்டையைத் தூக்கிக்கொண்டு இறங்கினேன். யாரும் பார்க்காத இடத்தில் மன்னிப்புக் கேட்டுவிட்டு, வெண்ணெயைக் கொடுத்துக் கணக்கை நேர்செய்துவிடலாம் என்று நான் போட்டிருந்த திட்டம் படியில் இறங்கும்போதுதான் எனக்கே விளங்கியது.

அனுமதி வந்த முதல் சனிக்கிழமை கூட்டம் திருவிழா மாதிரி. அந்த அம்மாவை விரட்டின நாளிலிருந்து உன் அம்மா எனக்கு முகம் கொடுத்துப் பேசாவிட்டாலும் என் சட்டையை இஸ்திரி போட்டு வைத்திருந்தாள். அந்த அம்மா வருவாரா என்று சாலையைப் பார்த்துப் பார்த்துப் பாலைத் தப்பாக அளந்துகொண்டிருந்தேன். வந்தார். வரிசையின் கடைசியில் நின்றார், யாரோ முன்னால் வரச் சொன்னார்கள், மாட்டேன் என்றார். அவர் முறை வந்தபோது நான் மேசைக்குப் பின்னாலிருந்து வெளியே வந்தேன், அந்த மேசைக்குப் பின்னால் நின்று சொல்ல எனக்கு மனசு வரவில்லை. "அன்னிக்கு இதே இடத்துல இந்த அம்மாவை நான் போட்டுக் குடுத்தவங்கன்னு சொன்னேன். அது பொய். யாரும் போட்டுக் குடுக்கல, நான் வெச்ச பலகையாலதான் வந்தது. இவங்களைச் சொல்லக் கூடாத வார்த்தையால சொன்னேன், சொல்லிட்டு நானே சிரிச்சேன்" என்று சொன்னேன். ரொட்டிக் கடைக்காரர், "விடுங்க அண்ணே, எல்லாம் முடிஞ்சு போச்சு" என்றார். அந்த அம்மா திரும்பி, "அவர் சொல்லட்டும்" என்றார். நான் மிச்சத்தையும் சொன்னேன். இவர் எழுந்து பேசியிருக்காவிட்டால் இன்றைக்கு இந்தப் பந்தல் இல்லை, நான் இவர் முகத்தைப் பார்க்க லாயக்கில்லாதவன், என்னை மன்னிக்க வேண்டும் என்று எல்லார் காதிலும் விழும்படி சொன்னேன். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, துடைத்தால் இன்னும் அசிங்கம் என்று விட்டுவிட்டேன். அவர் பாத்திரத்தின் முடிச்சை அவிழ்த்தார். பிறகு, "சரி. ஊத்துங்க, பின்னாடி ஆளுங்க நிக்கிறாங்க" என்றார். அப்போது அவருக்குப் பின்னால் புதிதாக நாலு பேர் வந்து நின்றிருந்தார்கள். ஊற்றும்போது பால் வெளியே சிந்தியது, அவர் தன் பாத்திரத்தை இரண்டு கையாலும் பிடித்து நகர்த்திக் கொடுத்தார். மன்னித்தாரா என்று எனக்குத் தெரியாது. கேட்கவும் இல்லை. கேட்பது என் வேலை இல்லை என்று உன் அம்மா சொல்கிறாள். அவள் அன்று மத்தியானம்தான் என்னோடு பேச ஆரம்பித்தாள்.

இப்போது இந்தக் கடிதம் எதற்கு என்று சொல்கிறேன். பந்தலை மூடின வாரம் நீ போன் செய்தபோது, ஒரு பொம்பளை பொறாமையில் போட்டுக் கொடுத்து நம் பிழைப்பில் மண்ணைப் போட்டுவிட்டாள் என்று நான் உன்னிடம் சொன்னேன். நீ அழுதாய். அவர் நல்லா இருக்க மாட்டார் என்றுகூட ஒரு வார்த்தை சொன்னாய், நான் ஆமாம் போட்டேன். மாப்பிள்ளையிடம் சொன்னதாகவும், உன்னோடு வேலை பார்க்கிறவர்களிடம், அந்த ஊரில் நமக்குத் தெரிந்த குடும்பங்களிடமெல்லாம் சொன்னதாகவும் பிறகு சொன்னாய். அத்தனை கடல் தாண்டி, அந்த அம்மா முகத்தையே பார்க்காத மனுஷர்கள் அவரைக் கெட்டவர் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள், அது என் வாயிலிருந்து கிளம்பியது. இங்கே வாசலில் நான் சொல்லிவிட்டேன். அங்கே போய்ச் சொல்ல எனக்கு வழி இல்லை. அதனால் நீ யார் யாரிடம் சொன்னாயோ அவர்களிடமெல்லாம் ஒருவர் விடாமல் போய், எங்க அப்பா சொன்னது பொய் என்று சொல்லிவிடு. தெரியாமல் சொன்னார், வயசாகிவிட்டது, கஷ்டத்தில் பேசிவிட்டார் என்றெல்லாம் எனக்காகப் பூசி மெழுகாதே. மாப்பிள்ளை வீட்டார் முன்னால் அப்பாவுக்குக் கௌரவக் குறைச்சலாகப் போகுமே என்று நீ தயங்குவாய், உன்னை எனக்குத் தெரியும். போகட்டும் கண்ணு. போக வேண்டியதுதான்.

பேத்திக்கு வெந்நீர் மட்டும் கொடு என்று உன் அம்மா சொல்கிறாள். பனியில் தலைக்குத் துணி கட்டாமல் வெளியே போகாதே. மாப்பிள்ளைக்கு எங்கள் அன்பைச் சொல், ராத்திரி வேலைக்குப் போகும்போது வண்டியை மெதுவாக ஓட்டச் சொல். நீங்கள் மூன்று பேரும் நோய் நொடி இல்லாமல், யாருக்கும் தலைகுனிய வேண்டாத வாழ்க்கையாக நூறு வருஷம் இருக்க வேண்டும் என்று நானும் அம்மாவும் மனசார வாழ்த்துகிறோம். எல்லாரிடமும் சொல்லி முடித்ததும் ஒரு வரி எழுது, போனில் வேண்டாம், எழுத்திலேயே எழுது. அதுவரை உன் குரலைக் கேட்க எனக்குக் கூச்சமாக இருக்கும்.

இப்படிக்கு,
உன் அப்பா